கிழிந்த திரைக்கு இப்பால் நிற்பது ஏன்?

தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், சாதிக்குச் சாதி விலகி நிற்கும் தூரத்துக்கு அளவு இருந்தது. நாடார் ஒருவர் நம்பூதிரியிடமிருந்து 36 எட்டு, அதாவது 36 காலடி, தள்ளி நிற்க வேண்டும். புலையருக்கு அது 96 எட்டு. யாரும் கோல் வைத்து அளக்கவில்லை. உடம்பே அந்தக் கணக்கைப் படித்து வைத்திருந்தது. எதிரே வருகிற ஆளைக் கண்டதும் கால் தானாகப் பாதையை விட்டு இறங்கிவிடும். நாடார் பெண்கள் மேல் உடம்பை மூடிக்கொள்ள அனுமதிக்கும் அரச அறிக்கைகூட 1859-ல்தான் வந்தது.

அப்படிப்பட்ட மண்ணுக்குத்தான் 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார். அவரை மயிலாடிக்கு வரவைத்த வேதமாணிக்கம், சாதித் தூரத்தின் கடைசி முனையில் நிறுத்தப்பட்டிருந்த சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1809-ல் அங்கே ஆலயம் எழும்பியது. யாருக்கும் பக்கத்தில் போகக் கூடாது என்று பழக்கப்பட்ட ஒரு மனிதனிடம், ‘கடவுளுடைய சிங்காசனத்துக்குப் பக்கத்திலேயே வா, தைரியமாய் வா’ என்றால் அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! எபிரெயர் 4:16-ஐ நாம் மனப்பாடமாகச் சொல்லி, சொல்லியே தேய்த்துவிட்டோம். ‘தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்’ என்பதில் ‘அண்டையிலே’ என்ற சொல்லின் கனம் நம் முன்னோர்களுக்குக் காலிலேயே தெரிந்திருக்கும்.

அந்தத் தூரம் சட்டத்திலிருந்து போய்விட்டது. ஜெபத்தில் மட்டும் பலர் அதை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்கள், குடும்ப ஜெபம் விடாதவர்கள், தனியாகக் கடவுள்முன் உட்கார்ந்தால் ஒரு 36 எட்டு தள்ளியே உட்காருகிறார்கள். அது ஏன், அதை எப்படிக் கடப்பது என்பதே இங்கே விஷயம்.

முதலில் ‘தைரியம்’. இந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு நிமிர்ந்த ஒரு ஆள் நினைவுக்கு வருகிறான். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் பர்ரேசியா. ‘எல்லாம்’, ‘பேச்சு’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது; எல்லாவற்றையும் ஒளிக்காமல் பேசுவது என்று பொருள். ஏதென்ஸ் நகரத்தில் குடிமகனுக்குச் சபையில் எழுந்து மனதில் உள்ளதைச் சொல்லும் உரிமைக்கு அந்தப் பெயர் இருந்தது. அடிமைக்கு அது கிடையாது. ஆக, எபிரெயர் நிருபம் கேட்பது பயமே அறியாத மனநிலையை இல்லை. வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் பேச்சுரிமையைப் பயன்படுத்தச் சொல்கிறது. நடுங்கிக்கொண்டே வந்தாலும் எல்லாவற்றையும் சொன்னால் அது தைரியம். சத்தமாய் முழங்கிவிட்டு உள்ளே இருப்பதை மறைத்தால், தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

‘சேரக்கடவோம்’ என்ற வினையையும் கவனிக்க வேண்டும். கிரேக்கத்தில் அது தொடர்ந்து நடக்கும் செயலைக் குறிக்கும் வடிவத்தில் இருக்கிறது. ஒரு தரம் சேர்ந்து முடிந்துவிடுவது அன்று, வந்துகொண்டே இருப்பது.

அடுத்து, இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பது. கிருபாசனம் என்ற சொல்லைத் தமிழ் வேதாகமம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறது. யாத்திராகமம் 25:17-ல் அது உடன்படிக்கைப் பெட்டியின் மேல் வைக்கும் பொன் மூடி: இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். எபிரெயர் 4:16-ல் அது கிருபையின் சிங்காசனம். மூலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். பழைய மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்ததால், தமிழில் வாசிப்பவருக்கு அந்தப் பொன் மூடியும் சிங்காசனமும் சேர்ந்தே தெரிகின்றன. நிருபத்தின் வாதத்துக்கு அது உதவியே செய்கிறது. (கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் ‘இறை அரியணையைத் துணிவுடன் அணுகிச் செல்வோமாக’ என்று வரும்.)

அந்தப் பொன் மூடிக்கு முன்னால் வருடத்தில் ஒரே நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும் போகலாம். லேவியராகமம் 16-ஐ நிதானமாக வாசித்தால் எத்தனை முன்னேற்பாடு என்பது தெரியும். குளிக்க வேண்டும். அலங்கார அங்கிகளைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடை உடுத்த வேண்டும். மக்களுக்காகப் போகுமுன் தன் பாவத்துக்காக ஒரு காளையைப் பலியிட வேண்டும். இரண்டு கைநிறையத் தூபவர்க்கம் எடுத்துக்கொண்டு போய், எழும் புகை கிருபாசனத்தை மூடும்படி செய்ய வேண்டும். இரத்தத்தை ஏழு தரம் தெளிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் சாவு.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே போகும் ஆசாரியன் காலில் கயிறு கட்டுவார்கள், அங்கியின் மணிச்சத்தம் நின்றால் இழுத்து வெளியே போடுவார்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். வேதாகமத்தில் அப்படி ஒரு கயிறே இல்லை. அது பல நூற்றாண்டுகள் கழிந்து, இடைக்கால யூத எழுத்தில் வருவது. மணி தொங்கும் அங்கியையும் அந்த நாளில் உள்ளே போகும்போது அவன் உடுத்துவதில்லை; சணல்நூல் உடைதான். கயிறு இல்லாமலேயே லேவியராகமம் போதுமான அளவு பயமாக இருக்கிறது. பயமுறுத்த நாமாக ஒன்றைச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

ஆசாரியனுக்கே இந்தப் பாடு என்றால் மற்றவர்களுக்கு? எருசலேம் ஆலயத்தில் புறஜாதியார் ஒரு தாழ்வான கல்தடுப்பு வரை மட்டுமே வரலாம். தாண்டினால் சாவு, அந்தச் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கற்களில் ஒன்று 1871-ல் கண்டெடுக்கப்பட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியர் 2:14-ல் பவுல் ‘நடுச்சுவர்’ தகர்க்கப்பட்டது என்று எழுதும்போது, இப்படிச் சுவர் என்றால் என்ன என்று தெரிந்த ஒரு யூதனாகவே எழுதுகிறார். நமக்கும் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வடக்கன்குளம். தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அதே ஊர் ஆலயத்துக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைத்த சுவர் 1910-ல்தான் இடிபட்டது. இயேசு சிலுவையில் மரித்தபோது கடவுள் மேலிருந்து கீழாகக் கிழித்த ஆலயத் திரையை, மனிதர்கள் சுண்ணாம்பும் கல்லும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். இதைச் சொல்ல வேதனையாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

‘பிரவேசம்’ என்ற சொல் நம் குமரி மாவட்டத்தில் 1936 நவம்பர் 12 என்ற தேதியோடு சேர்ந்தே வரும். கோவில் வாசலை எல்லாச் சாதியாருக்கும் திறந்த அந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்கு மறுநாள் சுசீந்திரம் கோவிலுக்குள் போனவர், ‘எனக்குத் தகுதி வந்துவிட்டதா’ என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. அரசர் கையெழுத்துப் போட்டாயிற்று, உள்ளே போகலாம். எபிரெயர் 10:19-ம் ‘பிரவேசிப்பதற்கு’ தைரியம் உண்டு என்றுதான் சொல்கிறது. அந்த அனுமதி இயேசுவின் இரத்தத்தினால் வந்தது என்கிறது. நம் மனது இன்றைக்கு நன்றாக இருக்கிறதா, போன வாரம் ஒழுங்காக ஜெபித்தோமா என்பதெல்லாம் அந்த அனுமதிச் சீட்டில் எழுதப்படவில்லை.

இது பிடிபடாததால்தான் பாவம் செய்த நாட்களில் ஜெபம் நின்றுபோகிறது. வழக்கமாக நடப்பது இதுதான்: திங்கட்கிழமை கோபத்தில் ஒரு வார்த்தை, அல்லது போனில் பார்க்கக் கூடாத ஒன்று. அன்றைக்கு ஜெபிக்கக் கூச்சம். ஒரு இரண்டு நாள் நல்லபடியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று மனது சொல்கிறது. அந்த இரண்டு நாளில் ஜெபம் இல்லாத காரணத்தாலேயே இன்னொன்றில் விழுகிறோம். பிறகு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அழுது தீர்த்தால்தான் சரியாகும் என்று ஒத்திவைக்கிறோம். இதில் மறைந்திருக்கும் தவறு, நம் இரண்டு நாள் நன்னடத்தையைக் காளையின் இடத்தில் வைப்பது. காளை ஏற்கெனவே பலியாகிவிட்டது என்பதே நிருபம் முழுக்கச் சொல்லும் செய்தி. ‘ஏற்ற சமயத்தில் சகாயம்’ என்றால் விழுந்த அந்த மணி நேரமே ஏற்ற சமயம். எழுந்து, துடைத்து, உடுத்து முடிந்த பிறகு வருவது இல்லை.

செய்ய வேண்டியது எளிது, கூச்சம்தான் பெரிது. தவறு செய்த அன்றைக்கே, படுக்கப் போகுமுன், அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிட வேண்டும். ‘நான் பாவி, தூசியும் சாம்பலும்’ என்று பொதுவாகச் சொல்வது எளிது, அதில் ஒன்றும் வெளியே வருவதில்லை. ‘சாயங்காலம் தம்பி மனைவியைப் பற்றி இல்லாததைச் சொன்னேன்’ என்பது அறிக்கை. ஒரு வாக்கியம் போதும். அதையே மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்பத் திரும்ப அறிக்கையிட வேண்டாம். 1 யோவான் 1:9-ஐ நம்பினால் ஒரு தரம் போதும். ஆனால் தம்பி மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தால், அது பாக்கிதான்.

ஏனென்றால் தைரியத்தைத் தின்றுவிடும் காரியங்கள் உண்டு. அண்ணனும் தம்பியும் மதிலுக்காகக் கோர்ட்டுக்குப் போய், ஒரே ஆலயத்தில் ஒரே பெஞ்சில் முகம் பார்க்காமல் உட்காருவது நம் ஊரில் புதிதல்ல. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்கிறது. 1 பேதுரு 3:7 இன்னும் நேராக வருகிறது: புருஷர்கள் மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்ய வேண்டும், ‘உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு’. சீதனத்தில் சொன்ன பவுன் குறைந்தது என்று மனைவியை வருடக்கணக்கில் குத்திக்காட்டுகிற ஒருவர், கையை உயர்த்தி எவ்வளவு நேரம் ஜெபித்தாலும் தடை எங்கே இருக்கிறது என்று பேதுரு எழுதி வைத்திருக்கிறார். கடவுள் வாசலை அடைத்தார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மனைவியிடம் நகையைக் கணக்குப் பார்க்கும் மனசு கடவுளிடம் கிருபையாக எதையும் வாங்கத் தெரியாமல் போகும். அங்கேயும் அது கணக்குத்தான் பார்க்கும்.

இதற்கு நேர் எதிரே இன்னொரு பிழை. கடவுளுக்கே கட்டளை போடுவதைத் தைரியம் என்று எண்ணுவது. ‘இந்த வேலை எனக்குக் கிடைத்தாயிற்று, பெற்றுக்கொண்டேன்’ என்று அறிவித்தால் விசுவாசம், ‘உமக்குச் சித்தமானால்’ என்று சொன்னால் அவிசுவாசம் என்று சில கூட்டங்களில் போதிக்கிறார்கள். 1 யோவான் 5:14 தைரியத்தையும் சித்தத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டி வைத்திருக்கிறது: அவருடைய சித்தத்தின்படி கேட்டால் அவர் செவிகொடுக்கிறார் என்பதே நம் தைரியம். சித்தம் என்பது ஜெபத்தின் கடைசியில் தப்பித்துக்கொள்ளப் போடும் ஒரு சொல் இல்லை. நாம் கேட்பது நமக்கே தெரியாமல் நம்மைக் கெடுக்குமானால் அப்பா தரமாட்டார் என்ற நிம்மதி அது. அந்த நிம்மதி இருந்தால்தான் வாய்விட்டு எதையும் கேட்க முடியும்.

இயேசுவின் கெத்செமனே ஜெபத்தை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்; மாற்கு 14:36. அதில் நான்கு அசைவு இருக்கிறது. ‘அப்பா, பிதாவே’ என்று உறவைச் சொல்கிறார். ‘எல்லாம் உம்மாலே கூடும்’ என்று அவருடைய வல்லமையை ஒப்புக்கொள்கிறார். ‘இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்’ என்று தமக்கு வேண்டியதை மழுப்பாமல் கேட்கிறார். பிறகுதான் ‘ஆகிலும்’ வருகிறது. நாம் பெரும்பாலும் மூன்றாவதைத் தாண்டிக் குதித்து நேராக நான்காவதுக்குப் போகிறோம். ‘ஆண்டவரே, உம் சித்தம்போல் செய்யும்’ என்று முடித்துவிடுவது பக்தியாகத் தோன்றும். பல நேரம் அது கேட்கப் பயந்த ஜெபம். கேட்டு, கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம். இயேசு கேட்டார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். ‘பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்’ என்கிறது எபிரெயர் 5:7.

அந்த ‘அப்பா’ தமிழ்ச் சொல் இல்லை. இயேசு பேசிய அரமேயு மொழிச் சொல்லை அப்படியே எழுதியது. மழலைப் பேச்சு என்று சொல்வதும் சரியல்ல, வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள். நமக்கு அது வீட்டுச் சொல்லாகவே அமைந்தது பெரிய பேறு. ஆனால் ‘அப்பா’ என்று ஆரம்பித்த அடுத்த நிமிடமே ‘சர்வலோகத்துக்கும் அதிபதியாயிருக்கிற, சேராபீன்கள் கேரூபீன்கள் மத்தியில் வாசம்பண்ணுகிற’ என்று மேடைத் தமிழுக்கு ஏறிவிடுகிறோம். சபையில் அந்த மொழிக்கு இடம் உண்டு, அழகும் உண்டு. தனி ஜெபத்தில் அதுவே நாம் ஒளிந்துகொள்ளும் திரையாகிவிடுகிறது. ‘அப்பா, இண்ணைக்கு எனக்க மனசு செரியில்ல. அவன்கிட்ட பேசினது தப்பாட்டுப் போச்சு’ என்று சொல்லிப் பார்க்கலாம். அதில் ஒளிய இடமே இருக்காது. விளவங்கோட்டுப் பேச்சும் கடற்கரைப் பேச்சும் நாஞ்சில் நாட்டுப் பேச்சும் கேட்கிறவருக்குப் புரியும்.

நேரம், இடம் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தேயு 6:6-ல் ‘அறைவீடு’ என்று வருவது மூலத்தில் தானியம், சாமான் போட்டு வைக்கும் உள்ளறை. தனித்த ஜெப அறை கட்டச் சொல்லவில்லை. நெல்லும் தேங்காயும் கிடக்கிற இடம் போதும். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், போன் வேறு அறையில். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 15 நிமிடம் சரியான அளவு. ஒரு மணி நேரம் என்று தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் நாலாம் நாள் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்து, யார்முன் வந்திருக்கிறோம் என்பதை மனதுக்குச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்க மூன்று நிமிடம். அறிக்கைக்கு இரண்டு. கேட்பதற்கு ஐந்து, இதில் பாதியாவது மற்றவர்களுக்காக, பெயர் சொல்லி. மிச்சத்தில் பரமண்டல ஜெபத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னால் நேரம் சரியாக இருக்கும். நடுவே மாலையில் வாங்க வேண்டிய சாமான், கட்ட வேண்டிய சீட்டு எல்லாம் நினைவுக்கு வரும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து எழுதிப் போட்டுவிட்டால் மனது அதை விட்டுவிடும். அந்த நினைவே ஒரு கவலையாக இருந்தால் அதையே ஜெபமாக்கலாம், சீட்டுப் பணத்துக்குக் கவலைப்படுவது பாவம் இல்லை.

விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இந்த 15 நிமிடம் வாய்க்காது. குலசேகரம் பக்கம் ஒருவர் ஒரு நாளில் முந்நூறு நானூறு மரம் வெட்டுவார். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது ஒரு பெயர், ஒரு வாக்கியம். அதுவும் சேருவதுதான்.

மற்றவர்களை ஜெபிக்கச் சொல்வதைப் பற்றி ஒன்று. யாக்கோபு 5-ம் அதிகாரம் மூப்பரை வரவழைக்கச் சொல்கிறது, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கவும் சொல்கிறது. ஆனால் ‘நான் ஜெபித்தால் கேட்குமா, அவர் ஜெபித்தால்தான் கேட்கும்’ என்று நம்பி, ஜெபக் குறிப்பை நாலு இடத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வாய் திறக்காமல் இருப்பது, பிரதான ஆசாரியன் ஒருவனை நாமே திரும்ப நியமிப்பது. குறிப்பை அனுப்பும் முன் அதே வார்த்தைகளைக் கடவுளிடம் ஒரு தரம் சொல்லுங்கள். பொருத்தனையும் இப்படியே. நன்றியாகச் செய்தால் அழகு. ‘இது நடந்தால் இன்னது தருகிறேன்’ என்ற பேரமானால், கிருபை என்ற சொல்லே அங்கே இல்லாமல் போகிறது.

கடைசியாக, கிடைக்காத ஜெபம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை வீடுகளில் ஜெபம் குறைவாகவா இருந்தது? கடற்கரை முழுக்க முழங்காலில் நின்றது. பலர் திரும்பி வரவில்லை. விசுவாசம் போதவில்லை என்று அந்த வீடுகளுக்கு யாராவது விளக்கம் சொன்னால், அது கொடுமை. சங்கீதப் புத்தகத்தில் முறையிடும் சங்கீதங்களே அதிகம். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல். அதையும் சேர்த்தே வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். ‘ஏன்’ என்று கடவுளின் முகத்தைப் பார்த்துக் கேட்பதும் பர்ரேசியாதான்.

எபிரெயர் 4:16-ல் ‘சகாயம்’ என்று வரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது. அப்போஸ்தலர் 27:17, பவுல் போன கப்பல் புயலில் சிக்கியபோது. பலகை பிரிந்துவிடாமல் கப்பலைச் சுற்றிக் கட்டிய அந்த ஏற்பாட்டுக்கு அங்கே அந்தச் சொல். தமிழில் ‘உபாயங்கள்’ என்று வருகிறது. கயிறு கட்டியதால் புயல் நிற்கவில்லை. பதினான்காம் இரவிலும் அடித்தது. கப்பலும் கடைசியில் உடைந்தது. அதில் இருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பிடித்தும் கரை சேர்ந்தார்கள். கரை சேராதவர்களின் வீட்டில் இதை வாசிக்கும்போது மெதுவாக வாசிக்க வேண்டும். அங்கே கேட்க முடிவது, வீடு பிரிந்துபோகாமல் சுற்றிக் கட்டும் அந்தக் கயிற்றை. இன்றைய இரவுக்கு ஒன்று, நாளைய விடியலுக்கு ஒன்று.

வார்த்தையே வராத நாளில் அங்கே போய் உட்கார்ந்தால் போதும். ரோமர் 8:26 ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகள்’ பற்றிப் பேசுகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்து, ‘அப்பா’ என்று ஒரு தரம் சொல்லி, எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போகலாம்.